விமானப் பராமரிப்பில் திறனும் வேலை வேகமும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கராஜ்காரரும் விமானம் திருத்தும் வேலையைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். திறமை கூடினால் வேலை எவ்வளவு கூடும், ஏன் கூடும் என்பதில்தான் குழப்பம் அதிகம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தந்திருக்கிறோம்.

பிளேன் திருத்திற ஆக்கள் ஒரு நாளில எத்தினை வேலை முடிப்பினம்? கூட முடிக்கிறவர்தானே கெட்டிக்காரர்?

இந்தத் தொழிலில் வேலையை எண்ணிக்கையில் கணக்கெடுப்பதில்லை, ஆள்-மணித்தியாலத்தில் எடுப்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வேலை அட்டை வரும். அதில் 4 மணித்தியாலம் என்று திட்டமிட்டிருக்க, ஒருவர் 5 மணித்தியாலத்தில் முடித்தால் அவருடைய வினைத்திறன் 80 சதவீதம்.

அந்த 80-ஐ மட்டும் வைத்து ஆளை அளக்கக் கூடாது. அதே பழுது இரண்டு நாளில் திரும்பி வந்ததா, பரிசோதகர் வேலையைத் திருப்பிக் கழற்றச் சொன்னாரா, விமானம் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒருவர் 3 மணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போக, மறுநாள் இன்னொருவர் 6 மணித்தியாலம் இருந்து அதைத் திருத்தினால், அந்த வேலைக்குப் போனது 9 மணித்தியாலம்.

இன்னொன்று. 8 மணித்தியால முறையில் (ஷிப்டில்) கை விமானத்தில் படும் நேரம் பலர் நினைப்பதை விடக் குறைவு. கையேடு வாசிப்பது, ஆயுதம் (வேலைக் கருவி) எடுப்பது, களஞ்சியத்தில் பாகம் வாங்குவது, ஏணி போடுவது, பதிவு எழுதுவது எல்லாம் நேரம் தின்னும். தேர்ந்தவர் வேலை அட்டையைத் தொடக்கத்திலேயே கடைசி வரி வரை வாசித்து, புது ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்), புதுக் கொட்டர் பின் (நட் கழலாமல் பூட்டும் ஊசி) உட்பட எல்லாவற்றையும் ஒரே நடையில் எடுத்து வருவார். புதியவர் மூன்று தரம் களஞ்சியத்துக்கு நடப்பார். வேக வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த நடையில்தான் இருக்கிறது.

லெவல், லெவல் எண்டு சொல்லினம். உண்மையில எத்தினை படி இருக்கு?

லைசன்ஸ் இல்லாத மெக்கானிக் முதற்படி. அவர் வேலை செய்யலாம், விமானத்தைப் பறக்க விடுவித்துக் கையெழுத்து வைக்க முடியாது. அதற்கு மேல், ஐரோப்பிய முறையில் ஏ, பி1, பி2, சி என்ற பிரிவுகள் உள்ளன. ஏ பிரிவுக்காரர் சக்கரம் மாற்றுவது போன்ற வரையறுத்த எளிய வேலைகளை, அதுவும் தானே செய்தவற்றை மட்டும், விடுவிக்கலாம். பி1 உடற்பகுதி, எஞ்சின், பொறிமுறை, மின் தொகுதிகளைப் பார்ப்பவர். பி2 மின்னணுவும் தொடர்பாடல் கருவிகளும். சி பிரிவுக்காரர் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நடக்கும் பெரிய பராமரிப்பு முழுவதும் முடிந்தபின் விமானத்தை விடுவிப்பவர்.

பி1 லைசன்ஸ் கையில் இருந்தால் எந்த விமானத்திலும் கையெழுத்து வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த விமான வகைக்கான தனிப் பயிற்சியும், வேலை செய்யும் நிறுவனம் தரும் அதிகாரமும் வேண்டும்.

புதுப் பொடியனுக்கும் பத்து வருசக்காரருக்கும் கை வேலையில என்ன வித்தியாசம்? ஒண்டு காட்டுங்கோ பாப்பம்.

லொக் வயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிர்வில் போல்ட் கழன்றுவிடாமல் தலையில் துளையிட்ட போல்ட்டுகளை இணைத்து முறுக்கிக் கட்டும் கம்பி. 0.032 அங்குலக் கம்பி என்றால் ஒரு அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. போல்ட் தளர முயன்றால் கம்பி அதை இறுக்கும் பக்கமே இழுக்க வேண்டும். முடிவில் 3 முதல் 6 முறுக்குள்ள வால் விட்டு, கையைக் கிழிக்காதபடி உள்ளே மடிக்க வேண்டும். புதியவர் குறட்டால் கம்பியைக் கடித்துக் காயப்படுத்துவார், அல்லது கூட முறுக்குவார். இரண்டுமே பிறகு அறும். அல்லது திசையை மாற்றிக் கட்டுவார். ஒரு பிழை என்றாலும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கம்பியில் தொடங்க வேண்டும், பழையதைத் திருப்பிப் பாவிக்க முடியாது. பழகின கை ஒரே தரத்தில் முடித்துவிடும்.

தகடுகளை இணைக்க அடிக்கும் ஆணியான ரிவெட்டில் விளைவு இன்னும் பெரிது. 0.040 அங்குலத் தகட்டுக்கு 1/8 அங்குல ரிவெட் பொருந்தும்: ரிவெட்டின் விட்டம், தடித்த தகட்டின் தடிப்பில் மூன்று மடங்கு என்பது பொதுக் கணக்கு. தகட்டுக்கு வெளியே விட்டத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 3/16 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடித்த பின் தலை 3/16 அங்குல அகலமும் 1/16 அங்குல உயரமுமாக வரவேண்டும். சரிந்தால் துளைத்து எடுக்க வேண்டும். துளைக்கும்போது கை நழுவி ஓட்டை நீளுருண்டையாகிவிட்டால் அடுத்த அளவான 5/32-க்குப் போக வேண்டும். அப்போது தகட்டின் ஓரத்திலிருந்து ஓட்டை மையம் வரை 1/4 அங்குலம் போதாது, விட்டத்தின் இரு மடங்கான 5/16 அங்குலம் வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் விசயம் மெக்கானிக்கின் கையை விட்டுப் பொறியியல் பிரிவுக்குப் போய்விடும். நழுவியது ஒரு விநாடி, விமானம் நிற்பது ஒரு நாளாகவும் இருக்கலாம்.

நான் கனகாலமா கராஜ் வச்சிருக்கிறன். லாண்ட்மாஸ்ரர், ஹார்வெஸ்ரர் எல்லாம் கழட்டிப் பூட்டுவன். எனக்கு இது லேசுதானே?

பாதி லேசு. புரி பிடிக்கும்போது விரலுக்குத் தெரியும் உணர்வு, சத்தத்தில் பழுதைக் கேட்கும் காது, குனிந்து நெளிந்து வேலை செய்யும் பழக்கம் எல்லாம் அப்படியே உதவும். பட்டறைக்கே வராத பிள்ளையைவிட நீங்கள் பல மாதம் முன்னுக்கு நிற்பீர்கள்.

மற்றப் பாதிதான் கஷ்டம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய மண் இது. இல்லாததை வைத்து ஓடவைப்பதுதான் இங்கே மெக்கானிக்கின் பெருமை, அது உண்மையான பெருமையும்கூட. விமானத்தில் அதே திறமை ஆபத்து. பாக இலக்கம் பொருந்தாத போல்ட் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் பூட்டக் கூடாது. பாகம் வரும்வரை நிறுத்திவைப்பதும் வேலைதான். இந்த மனமாற்றத்துக்குத்தான் அனுபவக்காரர் புதியவரைவிடக் கூடக் காலம் எடுக்கிறார்கள்.

இறுக்குவதிலும் கைக் கணக்கு செல்லாது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சின் முனையில் நேராக நீட்டுத் துண்டு ஒன்று மாட்டினால் அளவு மாறிவிடும். ரென்ச்சின் நீளம் 10 அங்குலம், நீட்டுத் துண்டு 2 அங்குலம், போல்ட்டுக்கு வேண்டியது 120 அங்குல-இறாத்தல் என்று வையுங்கள். 120-ஐ 10-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 100. ரென்ச்சை 100-இல் வைக்க வேண்டும். மறந்து 120-இலேயே விட்டால் போல்ட்டில் விழுவது 144. தானே பூட்டிக்கொள்ளும் நட் என்றால், அது சும்மா சுழலவே எடுக்கும் விசையை அளந்து கூட்டவும் வேண்டும்.

ஆயுதக் கணக்கும் புதிது. மூடியைப் பூட்ட முன்னர் எடுத்த ஒவ்வொரு ஸ்பேனரும் பெட்டியில் அதனதன் பள்ளத்தில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்கும் மட்டும் விமானம் அசையாது.

எங்கட பக்கம் புத்தகம் பாத்துச் செய்யிறவனுக்கு வேலை தெரியாது எண்டுதான் சொல்லுவினம். அனுபவக்காரருக்கும் புத்தகம் வேணுமோ?

அவருக்குத்தான் கூட வேண்டும். 1990 ஜூன் 10-இல் பிரித்தானிய விமானம் ஒன்று 17,000 அடிக்கு மேல் ஏறும்போது விமானியின் முன் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் பாதி உடல் வெளியே இழுபட, பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள். 27 மணித்தியாலங்களுக்கு முன்னர் அந்தக் கண்ணாடியை மாற்றியவர் அனுபவம் மிக்க ஒரு முறை மேலாளர். பட்டியலைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்திருந்தார். 90 போல்ட்டில் 84 விட்டத்தில் 0.026 அங்குலம் சிறியவை.

புதியவர் தெரியாததால் பிழை விடுவார். அனுபவக்காரர் தெரியும் என்ற நினைப்பில் விடுவார், அந்தப் பிழையை மற்றவர்கள் சந்தேகிப்பதும் இல்லை. கையேடு திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். போன மாதம் சரியாக இருந்த அளவு இந்த மாதம் மாறியிருக்கலாம். அதனால் இந்த வேலையில் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு செய்பவர்தான் தேர்ந்தவர். முதற் கேள்வியில் சொன்ன திருத்த வேலை மணித்தியாலங்களும் அப்படித்தான் மிச்சமாகின்றன.

பழுது கண்டுபிடிக்கிறதிலதான் கெட்டிக்காரத்தனம் தெரியும் எண்டு சொல்லினமே, அது எப்பிடி?

அது சரி. சக்கரம் மாற்றுவது போன்ற எழுதிவைத்த வேலையில் நல்லவருக்கும் சுமாரானவருக்கும் இடைவெளி சிறிது. பழுது தேடலில் அது மடங்காக விரியும்.

இறங்கு சக்கரத் தொகுதியில், பாகம் கிட்ட வந்துவிட்டதா என்று அறியும் நெருக்க உணரி ஒன்று பிழையான சமிக்ஞை தருகிறது என்று வையுங்கள். புதியவர் உணரியைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவார். சமிக்ஞை சரியாகிவிடும், விமானம் போய்விடும். அடுத்த நாள் அதே பழுது. நடந்தது என்னவென்றால், உணரியை மாற்றுவதற்காக அதன் மின்கம்பி இணைப்பானைக் கழற்றிப் பூட்டியபோது ஊசிகளில் இருந்த ஈரமும் களிம்பும் சற்று உரசுப்பட்டு விலகியது. பழுது இருந்தது இணைப்பானில். கழற்றிய உணரி பட்டறைக்குப் போய் 'பழுது ஒன்றும் இல்லை' என்ற சீட்டோடு திரும்பி வரும். தேர்ந்தவர் முதலில் பழைய பதிவேட்டைப் புரட்டி இது முன்னரும் வந்ததா என்று பார்ப்பார். பிறகு இணைப்பான், கம்பி, இடைவெளி அளவு. உணரியைக் கடைசியாகத்தான் தொடுவார். முதல் நாள் அவர் அரை மணித்தியாலம் கூட எடுத்திருக்கலாம், கவலையில்லை.

இன்னொரு திறன், எதை இன்று திருத்தத் தேவையில்லை என்று அறிவது. எந்தக் கருவி வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம் என்று சொல்லும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் அனுமதிக்கும் பழுதை ஒத்திவைத்து விமானத்தை அனுப்பலாம். பட்டியலில் அந்தப் பழுது பி வகை என்றால் 3 நாள், சி வகை 10 நாள், டி வகை 120 நாள். பட்டியல் தெரியாதவர் பயணிகள் காத்திருக்கத் தேவையில்லாத பழுதைத் திருத்திக்கொண்டிருப்பார்.

லைசன்ஸ்காரர் ஒருத்தரை வச்சு, பத்துப் புதுப் பொடியளை இறக்கினால் செலவு குறையுந்தானே?

சம்பளச் செலவு குறையும், விமானம் வெளியே போகும் நாள் தள்ளும். பத்துப் பேரும் ஒரு கட்டத்தில் அவரின் கையெழுத்துக்காகக் காத்து நிற்பார்கள். மூடியைப் பூட்ட முன்னர் அவர் உள்ளே பார்க்க வேண்டும், சந்தேகம் தீர்க்க வேண்டும், தன் பதிவும் எழுத வேண்டும். அவர் வேலை பார்ப்பவராக இருந்தது போய் வாசல் ஆகிவிடுவார். பறப்புக் கட்டுப்பாட்டுத் தொகுதி போன்ற முக்கிய வேலைகளுக்கு, வேலையில் சேராத இன்னொரு தகுதியானவர் தனியாகப் பரிசோதிக்கவும் வேண்டும். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் நிற்க முடியாது.

நடுப்படி ஆட்களே ஒரு ஹேங்கரின் முதுகெலும்பு என்பது எங்கள் கருத்து. மூன்று, நான்கு வருட அனுபவத்தோடு லைசன்ஸ் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பவர்கள். இவர்களுக்கு வேலை கொடுத்துவிட்டு லைசன்ஸ்காரர் நகரலாம். இவர்கள் வெளிநாடு போய்விட்டால், தலை எண்ணிக்கை குறையாதது போல் தெரிந்தாலும் வேலை சரியும்.

எங்கட வெயிலுக்கு வேலை மந்தமாகுமோ?

ஆகும், உடம்பு களைப்பதால் மட்டும் இல்லை. எரிபொருள் தாங்கி ஓரங்களில் கசிவை அடைக்கப் பூசும் பசையான சீலன்ட்டைப் பாருங்கள். அதில் பி-2 என்று எழுதியிருந்தால் (லைசன்ஸ் பி2 அல்ல), கலந்த நேரத்திலிருந்து 2 மணித்தியாலம் பூசலாம் என்று பொருள். அது 25 பாகை செல்சியஸில். சுமார் 5.5 பாகை ஏற ஏற அந்த நேரம் பாதியாகும். 30 பாகை தாண்டும்போது 1 மணித்தியாலம், சித்திரை வெயிலில் 36 ஆகும்போது அரை மணித்தியாலம். தெரியாதவர் 2 மணித்தியாலக் கணக்கில் ஒரு பெரிய கிண்ணம் கலப்பார். பாதியில் இறுகத் தொடங்கியதை இழுத்துப் பூசினால் ஒட்டாது, எல்லாவற்றையும் சுரண்டி, துடைத்து, மீண்டும். தெரிந்தவர் சிறுகச் சிறுகக் கலப்பார், அல்லது அந்த வேலையை இரவுக்குத் தள்ளுவார்.

இரவுக்குத் தள்ளினால் இன்னொரு கவனம் வேண்டும். அதிகாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் எந்தத் திறமைசாலிக்கும் கவனம் தாழும். சிக்கலான வேலையை அந்த நேரத்தில் வைக்காமல் இருப்பது நல்ல திட்டமிடல். பாதி வேலையை அடுத்த முறைக்கு விட்டுப் போனால், எந்தப் படி முடிந்தது, எந்த போல்ட் இன்னும் இறுக்கவில்லை என்று எழுதியே கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது காணாது.

எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. கையேடு முழுக்க இங்கிலீஷ் எண்டினம்.

இதில் பயப்படுவதை விடச் சற்று நம்பிக்கை வைக்கலாம். விமானக் கையேடுகளுக்கென்று எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலம் ஒன்று இருக்கிறது. அதன் பொதுச் சொற்கள் ஏறத்தாழ 900 தான். செய்முறை வசனம் 20 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ஒரு சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள். பாகப் பெயர்களைத் தனியாகப் படிக்க வேண்டும், அதில் பலதும் உங்களுக்குக் கராஜிலேயே தெரியும்.

'வோர்னிங்' என்றால் ஆளுக்கு ஆபத்து, 'கோஷன்' என்றால் பொருளுக்குச் சேதம். இந்த இரண்டும் அந்தப் படிக்கு முன்னால் வரும், பின்னால் வராது. ஆங்கிலம் தடுமாறுபவர் வரிகளைத் தாவி வாசிப்பதால்தான் தாமதமும் பிழையும் வருகின்றன. மெதுவாக முழுதும் வாசிப்பவர், சரளமாகப் பேசி அரைகுறையாக வாசிப்பவரை விட வேகமாக வேலை முடிப்பார்.

என்ர மகளுக்கு விருப்பம். பாரமான வேலையெண்டு பயமாக் கிடக்கு.

பாரத்தைத் தூக்குவது ஜாக்கும் ஏற்றுபொறியும். எரிபொருள் தாங்கிக்குள் போவது, ஒடுங்கிய இடத்தில் இணைப்பான் பூட்டுவது போன்ற இடங்களில் சிறிய உடம்பும் சிறிய கையும் வசதி. யோசிக்க வேண்டியவை உயரமும் இரவு முறையும். நிறப் பார்வையை ஆணோ பெண்ணோ முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள்.

கோர்ஸ் முடிச்ச கையோட கையெழுத்து வைக்கலாமோ?

முடியாது. ஐரோப்பிய முறையில், அனுமதி பெற்ற பயிற்சி நிலையத்தில் ஏ பிரிவுக்கு 800 மணித்தியாலமும், சுழலி எஞ்சின் விமானத்துக்கான பி1-க்கும் பி2-க்கும் 2,400 மணித்தியாலமும் படிக்க வேண்டும். பிறகு சேவையில் உள்ள விமானங்களில் ஏ-க்கு 1 வருடம், பி1, பி2-க்கு 2 வருட அனுபவம். பயிற்சி நிலையத்துக்கே போகாமல் வேலையோடு பரீட்சை எழுதினால் இது 3 வருடமாகவும் 5 வருடமாகவும் நீளும். ஒவ்வொரு பாடத்திலும் 75 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. விண்ணப்பிக்க 18 வயது, பராமரிப்பு நிறுவனத்தில் விடுவிப்புக் கையெழுத்து வைக்க 21.

கிடைத்த பிறகும் திறன் துருப்பிடிக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. முந்திய 2 வருடத்தில் 6 மாதமாவது அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். பாடநெறியில் பணம் கட்ட முன்னர், அந்தச் சான்றிதழை எந்த நாட்டு அதிகாரசபை ஏற்கும், அனுபவ வருடங்களை எங்கே பெறலாம் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டாவதுக்குப் பதில் இல்லாத இடங்களில்தான் பெற்றோரின் காசு கரைகிறது.

கிளிநொச்சியில இருந்துகொண்டு எதைத் தொடங்கலாம்? பலாலியிலயே வேலை கிடைக்குமோ?

பலாலிக்கு வந்து திரும்பும் விமானங்களுக்கு வேண்டியது குறுகிய இடைநேரச் சோதனை. ஹேங்கருக்குள் நடக்கும் பெரிய பராமரிப்புக்கும் பயிற்சிக்கும் கட்டுநாயக்க, இரத்மலானைப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் அடித்தளத்தை இங்கேயே போடலாம். அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் மோட்டார் வாகன, பொறிமுறை, மின் பயிற்சிகள் கிடைக்கின்றன. அந்தத் தேசிய தொழிற்றகைமை விமான லைசன்ஸ் ஆகாது, ஆனால் அரம், வேர்ணியர், நுண்மானித் திருகுக்கணிச்சி பிடிக்கத் தெரிந்த கையோடு போகலாம். வீட்டில் பழைய போல்ட்டுகளில் துளையிட்டு லொக் வயர் கட்டிப் பழகுங்கள், மேலே சொன்ன 6 முதல் 8 முறுக்கு ஒவ்வொரு தரமும் வருகிறதா என்று அடிமட்டம் வைத்து எண்ணுங்கள். அங்குலப் பின்னங்களைத் தசமமாக மாற்றுவதையும் மனப்பாடமாக்குங்கள்.

அப்ப நல்ல திறமைசாலி ஒருத்தரையே முக்கியமான வேலை எல்லாத்துக்கும் விட்டால் பிழையே வராதுதானே?

இது நல்ல கேள்வி, பதில் எதிர்பாராதது. 1983 மே 5-இல் மயாமியிலிருந்து நாசோவுக்குப் போன மூன்று எஞ்சின் விமானம் ஒன்றில் மூன்று எஞ்சினிலும் எண்ணெய் வடிந்தது. முந்திய இரவு உலோகத் துகள் பிடிக்கும் உணரிகளை மாற்றியபோது மூன்றிலும் ஓ-ரிங் போடப்படவில்லை. வழமையாக மேற்பார்வையாளரின் அலுமாரியில் ஓ-ரிங் மாட்டியே உணரிகள் இருக்கும். அன்று அங்கே இல்லாததால் களஞ்சியத்திலிருந்து எடுத்தார்கள், அவற்றில் ஓ-ரிங் இல்லை. பழகின கை பார்க்கவில்லை. 172 பேரோடு விமானம் ஒரே எஞ்சினில் மயாமிக்குத் திரும்பி இறங்கியது.

ஒருவரின் பழக்கத்தில் உள்ள பிழை, அவர் தொடும் எல்லா எஞ்சினுக்கும் போகும். அதனால் நீண்ட கடல்வழி பறக்கும் இரட்டை எஞ்சின் விமானங்களில், ஒரே வேலையை இரண்டு எஞ்சினிலும் ஒரே ஆள் செய்வதைத் தவிர்ப்பார்கள். ஆள் இல்லையென்றால் ஒரு எஞ்சினை இன்று, மற்றதை வேறொரு நாள். அதுவும் முடியாவிட்டால் இரண்டாவது ஆள் வந்து பரிசோதித்து, எஞ்சினை உண்மையாக ஓட்டி, கசிவு பார்க்க வேண்டும். அந்த இரவு ஸ்ராட்டரால் 10 விநாடிகள் சுழற்றிப் பார்த்தார்கள். அந்தக் கொஞ்ச நேரச் சுழற்சியில் கசிவு வெளியே தெரியவில்லை.